காலாண்டு முடிவுகளையும் நிறுவனச் செய்திகளையும் ஒட்டிய குறுகியகால வர்த்தகம்: பங்குகளைத் தேர்ந்தெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஒரு நிறுவனத்தின் நிகர லாபம் 30 சதவீதம் உயர்ந்துவிட்டது என்ற செய்தியைப் பார்த்ததும் பங்கை வாங்கிவிட்டு, அன்றைய வர்த்தகம் முடிவதற்குள் நஷ்டத்தில் நிற்கும் புதியவர்களை ஒவ்வொரு காலாண்டிலும் பார்க்கிறேன். செய்தியில் பிழை ஏதும் இருக்காது. சந்தை 40 சதவீத உயர்வை எதிர்பார்த்து, அதற்குரிய விலையை முன்கூட்டியே கொடுத்து முடித்திருந்தது என்பதை அவர்கள் பார்க்கத் தவறியிருப்பார்கள்.

ஆகவே, இங்கே விவரிக்கப்படும் முறை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்திருக்கிறது: எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் இடையே எவ்வளவு இடைவெளி, அந்த இடைவெளியைச் சந்தை ஏற்றுக்கொண்டதா? இரண்டு நாள் முதல் மூன்று வாரம் வரை பங்கை வைத்திருக்கும் வர்த்தகத்துக்கு இது பொருந்தும். படிகளின் வரிசை முக்கியம். விலையை முதலில் பார்த்துவிட்டுக் காரணத்தைப் பின்னால் தேடுகிறவர் தமக்குப் பிடித்த காரணத்தை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பங்குச்சந்தையின் அதிகாரபூர்வ அறிவிப்புப் பக்கமும், நிறுவனத்தின் முதலீட்டாளர் பக்கமும் உங்கள் முதல் ஆதாரங்கள். செய்தித் தளங்கள் இரண்டாம் நிலைதான். அவை தலைப்புக்காக ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த எண்ணின் அடிக்குறிப்பை விட்டுவிடுகின்றன.

இவற்றுடன் நாள்வாரி விலையும் வால்யூமும் (கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை) காட்டும் சார்ட், ஆய்வாளர்களின் சராசரி மதிப்பீடு, கடந்த எட்டுக் காலாண்டுகளின் முடிவுகள், எழுதி வைக்க ஒரு அட்டவணை ஆகியவை வேண்டும். கடன் வாங்கிய பணத்தை இதில் இறக்கக் கூடாது. முடிவு வெளியாகும் நாளில் ஒரே திறப்பில் விலை 15 சதவீதம் தள்ளிப் போகக்கூடும். கடன் பணம் அந்த அடியைப் பல மடங்காக்கும்.

நிறுவனத்துக்குள் இருப்பவர் மூலம் வெளியாகாத தகவல் கிடைத்தால், அந்தப் பங்கைத் தொடாதீர்கள். பெரும்பாலான சந்தைகளில் அத்தகைய தகவலை வைத்து வர்த்தகம் செய்வது சட்டப்படி குற்றம்.

2. முதல் சல்லடை: எளிதில் விற்க முடிகிற பங்குகள் மட்டும்

எந்தப் பங்கு உயரும் என்று யோசிப்பதற்கு முன்னால், எந்தப் பங்கிலிருந்து நினைத்த நேரத்தில் வெளியேற முடியும் என்று பாருங்கள். கெட்ட செய்தி வந்த நாளில் விற்பவர்கள் மட்டுமே இருப்பார்கள், வாங்குபவர் வரிசை காலியாகிவிடும். அந்த நாளுக்காகவே இந்தச் சல்லடை.

கடந்த 20 வர்த்தக நாள்களில் அந்தப் பங்கின் தினசரி விற்றுமுதலை (கைமாறிய பங்குகளின் மொத்த மதிப்பு) எடுத்துக்கொண்டு, சராசரிக்குப் பதிலாக நடு மதிப்பைப் பாருங்கள், அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது. ஒரே நாளில் நடந்த பெரிய பிளாக் டீல் (ஒரே பேரத்தில் பெரும் எண்ணிக்கைப் பங்குகள் கைமாறுவது) சராசரியை ஊதிக் காட்டிவிடும். நீங்கள் வாங்க நினைக்கும் தொகை அந்த நடு மதிப்பில் 1 சதவீதத்துக்குள் இருக்கட்டும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியையும் கவனியுங்கள்: அது அரை சதவீதத்தைத் தாண்டினால், உள்ளே போய் வெளியே வருவதற்குள்ளேயே உங்கள் லாபத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

தினசரி விலை வரம்பு உள்ள சந்தைகளில், பங்கு லோயர் சர்க்யூட்டில், அதாவது அன்றைய கீழ் வரம்பில், பூட்டிக்கொண்டால் ஸ்டாப் லாஸ் ஆர்டர் (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஆர்டர்) போட்டிருந்தும் விற்க முடியாது. குறுகிய வரம்பு விதிக்கப்பட்ட பங்குகளையும், அண்மையில் பட்டியலிடப்பட்டு நான்கு காலாண்டு முடிவுகள்கூட வெளியிடாத பங்குகளையும் இந்தப் படியிலேயே நீக்கிவிடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கடந்தகாலம் இல்லாத நிறுவனத்துக்கு எதிர்பார்ப்பை எழுதவே முடியாது.

3. நாளையும் நேரத்தையும் உறுதிசெய்தல்

முடிவு நாள்காட்டிகளை வெளியிடும் பல தளங்கள், நிறுவனம் அறிவிக்கும் வரை சென்ற ஆண்டின் தேதியை வைத்து ஓர் உத்தேசத் தேதியைப் போடுகின்றன. அதை நம்பி, முடிவு வருவதற்கு முந்தைய நாள் என்று தெரியாமலேயே பங்கை வைத்திருந்தவர்கள் உண்டு. தேதியை நிறுவனத்தின் அறிவிப்பிலிருந்தே எடுங்கள்.

முடிவு வெளியாவது சந்தை திறப்பதற்கு முன்பா, மூடிய பிறகா, வர்த்தக நேரத்திலா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வர்த்தக நேரத்தில் வரும் முடிவுக்கு முதல் சில நிமிடங்களில் காட்டப்படும் எதிர்வினை தலைப்பு எண்ணுக்கானது. அறிக்கையை முழுவதும் படித்தவர்களின் எதிர்வினை அதற்குப் பிறகுதான் வரும். நிர்வாகம் ஆய்வாளர்களுடன் பேசும் கான்கால் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ நடக்கலாம், அங்கே சொல்லப்படும் ஒரு வாக்கியம் காலை விலையை முழுவதும் திருப்பிவிடலாம். எனவே நாள்காட்டியில் ஒரு நிறுவனத்துக்கு இரண்டு நேரங்கள் இருக்க வேண்டும்: அறிக்கை நேரம், கான்கால் நேரம்.

ஒரே துறையில் யார் முதலில் முடிவு வெளியிடுகிறார் என்ற வரிசையும் உதவும். முதல் நிறுவனம் மூலப்பொருள் விலை உயர்ந்ததால் மார்ஜின் (விற்பனையில் லாபத்தின் சதவீதம்) குறைந்தது என்று சொன்னால், அடுத்த வாரம் வரப்போகும் மூன்று நிறுவனங்களின் எதிர்பார்ப்பும் அன்றே மாறிவிடுகிறது.

4. எதிர்பார்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்தல்

புதியவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடும் படி இது. முடிவு வந்த பிறகு "இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்" என்று மனம் சொல்லும். அதைத் தடுக்க எழுத்தைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முடிவு வருவதற்குக் குறைந்தது ஒரு நாள் முன்பாகப் பின்வரும் ஐந்தையும் எழுதுங்கள்.

முதலாவது, ஆய்வாளர் மதிப்பீடு. விற்பனை வருவாய்க்கும் ஒரு பங்குக்கான லாபத்துக்கும் சராசரி எவ்வளவு என்பதுடன், எத்தனை ஆய்வாளர்கள் சொன்னார்கள், அவர்களுள் உயர்ந்த மதிப்பீடும் தாழ்ந்த மதிப்பீடும் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். பதினைந்து பேர் 9.8க்கும் 10.2க்கும் இடையில் நிற்கும்போது 10.6 என்பது உண்மையான வியப்பு. மூன்று பேர் 7க்கும் 13க்கும் இடையில் சிதறி நிற்கும்போது அதே 10.6க்குப் பொருளே இல்லை.

இரண்டாவது, நிறுவனமே முன்பு சொன்ன வழிகாட்டுதல், அதாவது கைடன்ஸ். இது இல்லாவிட்டால், சென்ற கான்காலில் நிர்வாகம் அடுத்த காலாண்டைப் பற்றிச் சொன்னவற்றைச் சுருக்கி எழுதுங்கள்.

மூன்றாவது, துறைக்கே உரிய ஓர் எண். வங்கி என்றால் நிகர வட்டி மார்ஜினும் (வட்டி வரவுக்கும் வட்டிச் செலவுக்கும் உள்ள வித்தியாசத்தின் விகிதம்) வாராக்கடன் விகிதமும். மென்பொருள் சேவை நிறுவனம் என்றால் புதிய ஒப்பந்தங்களின் மதிப்பு. சில்லறை விற்பனை என்றால் ஏற்கெனவே இயங்கும் கடைகளின் விற்பனை வளர்ச்சி. இயந்திர உற்பத்தி என்றால் கைவசம் உள்ள ஆர்டர் தொகை. பல நேரங்களில் நிகர லாபத்தை விட இந்த ஓர் எண்ணே விலையை நகர்த்துகிறது.

நான்காவது, விலை ஏற்கெனவே எவ்வளவு ஓடியிருக்கிறது என்பது. கடந்த 20 நாளில் பங்கு 14 சதவீதமும் சந்தைக் குறியீடு 2 சதவீதமும் ஏறியிருந்தால், 12 சதவீத நம்பிக்கை விலைக்குள் அடங்கிவிட்டது. அந்தப் பங்கு எழும்ப வேண்டுமென்றால், நல்ல முடிவு மட்டும் போதாது, அசாதாரணமான முடிவு வேண்டும்.

ஐந்தாவது, ஆப்ஷன் வர்த்தகம் உள்ள பங்குகளுக்கு, சந்தை எதிர்பார்க்கும் அசைவின் அளவு. ஆப்ஷன் என்பது பங்கைக் குறித்த விலையில் (ஸ்ட்ரைக்) குறித்த நாளுக்குள் வாங்கும் உரிமை (கால்) அல்லது விற்கும் உரிமை (புட்). பங்கு 500இல் இருக்கிறது, 500 ஸ்ட்ரைக் கால் 18க்கும் புட் 17க்கும் கிடைக்கிறது என்றால், இரண்டின் கூட்டுத்தொகை 35. அதாவது ஏறத்தாழ 7 சதவீதம். முடிவு நாளுக்குப் பிறகு மிக விரைவில் காலாவதியாகும் ஆப்ஷனை எடுத்தால் மட்டுமே இந்தக் கணக்கு முடிவை மட்டும் ஒட்டியதாக இருக்கும். முடிவுக்குப் பின் பங்கு 3 சதவீதம் நகர்ந்தால், அது சந்தை அஞ்சியதைவிடச் சிறிய அசைவு. 12 சதவீதம் நகர்ந்தால், யாரோ தங்கள் கணக்கை அடியிலிருந்து மாற்றுகிறார்கள்.

இவற்றின் கீழே ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: "மார்ஜின் 18 சதவீதத்துக்கு மேல் வந்து, நிர்வாகம் ஆண்டு வழிகாட்டுதலை உயர்த்தினால் மட்டுமே இந்தப் பங்கைப் பரிசீலிப்பேன்." அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால், பங்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

5. முடிவுக்கு முன்பே வாங்கலாமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து, குறைந்தது முதல் நான்கு காலாண்டுகளுக்காவது. பங்கை 400இல் வாங்கி 388இல் ஸ்டாப் லாஸ் வைத்திருப்பீர்கள். மறுநாள் பங்கு 352இல் திறந்தால், உங்கள் ஆர்டர் அந்த விலையை ஒட்டித்தான் நிறைவேறும். 12 நஷ்டம் என்று திட்டமிட்டீர்கள், 48 ஆனது. அதாவது நான்கு மடங்கு. இடைவெளியுடன் திறக்கும் விலையை ஸ்டாப் லாஸால் தடுக்க முடியாது.

ஆப்ஷன் வாங்கினால் நஷ்டத்துக்கு எல்லை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். எல்லை இருப்பது உண்மைதான். ஆனால் முடிவு வந்ததும் நிச்சயமின்மை தீர்ந்து, அதற்காக ஏற்றி வைக்கப்பட்டிருந்த பிரீமியம் (ஆப்ஷனின் விலை) ஒரே காலையில் வடிந்துவிடும். திசையைச் சரியாகக் கணித்தும் பணத்தை இழப்பது இப்படித்தான்.

6. அறிக்கையை எந்த வரிசையில் படிப்பது

கீழிருந்து மேலாகப் படிக்கக் கூடாது. நிகர லாபம் என்ற கடைசி வரியில் எல்லாமே கலந்திருக்கும். மேலிருந்து வந்தால்தான் எது எங்கே சேர்ந்தது என்று தெரியும்.

முதலில் விற்பனை வருவாய், அடுத்து செயல்பாட்டு லாபமும் அதன் மார்ஜினும். இந்த இரண்டும் எதிர்பார்ப்பைத் தாண்டியிருந்தால் வியப்பு தொழிலிலிருந்து வந்தது என்று பொருள். பிறகு 'இதர வருமானம்', 'ஒருமுறை மட்டும் நிகழும் இனங்கள்', வரி ஆகிய மூன்று வரிகளில் நில்லுங்கள். மதிப்பீடு 100, வந்த நிகர லாபம் 120, அதில் நிலம் விற்றதால் வரிபோக 35 கிடைத்தது என்றால், தொழில் ஈட்டியது 85 மட்டுமே. தலைப்பு 20 சதவீதம் கூடுதல் என்று சொல்லும். உண்மை 15 சதவீதக் குறைவு. பழைய வரிச் சுமை தள்ளுபடியானதால் வந்த லாபத்துக்கும், அந்நியச் செலாவணி மாற்றத்தால் வந்த லாபத்துக்கும் இதே கணக்குத்தான்.

ஒப்பீடு ஒரே தளத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். துணை நிறுவனங்களைச் சேர்த்த முடிவை, சேர்க்காத மதிப்பீட்டோடு ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பருவத்தைச் சார்ந்த தொழில்களில் முந்தைய காலாண்டுடன் ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் அதே காலாண்டுடன் ஒப்பிட வேண்டும். சென்ற ஆண்டின் அந்தக் காலாண்டு மிகத் தாழ்வாக இருந்திருந்தால், இப்போதைய பெரிய சதவீத உயர்வுக்கு அந்தத் தாழ்வே காரணமாக இருக்கலாம்.

வசூலாகாத நிலுவைத் தொகையும் கையிருப்புச் சரக்கும் விற்பனையை விட வேகமாக வளர்ந்திருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். விற்பனைக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. கடைசியாக அடுத்த காலாண்டுக்கான வழிகாட்டுதலைப் படியுங்கள். முடிந்த காலாண்டு நன்றாக இருந்து வழிகாட்டுதல் குறைக்கப்பட்டிருந்தால், சந்தை பெரும்பாலும் வழிகாட்டுதலின் பக்கமே நிற்கும், ஏனென்றால் விலை என்பது வரப்போகும் லாபத்துக்கானது.

7. விலையின் பதிலைப் படித்தல்

நீங்கள் அறிக்கையைத் தவறாகப் படித்திருக்கலாம். அதைச் சரிபார்க்கும் இடம் இது. திறந்த முதல் அரை மணி நேரத்தில் எதுவும் வாங்க வேண்டாம். இரவு முழுவதும் சேர்ந்த ஆர்டர்கள் அப்போதுதான் தீரும், விலை இருபுறமும் வீசும்.

பிறகு மூன்றைப் பாருங்கள். வால்யூம் கடந்த 20 நாள் சராசரியைப் போல் இரண்டரை மடங்காவது இருக்கிறதா? கேப் அப் ஆன பங்கு, அதாவது முந்தைய நாள் விலையை விட இடைவெளி விட்டு உயரத்தில் திறந்த பங்கு, அந்த இடைவெளியை நிரப்பாமல் தாங்குகிறதா? அன்றைய உயர்வுக்கும் தாழ்வுக்கும் இடைப்பட்ட வீச்சில் மேல் கால் பகுதியில் முடிகிறதா? பெரிய வால்யூமோடு உயர்வுக்கு அருகில் முடியும் பங்கில், பெரிய நிறுவன முதலீட்டாளர்கள் நாள் முழுவதும் வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அவர்களால் ஒரே நாளில் வாங்கி முடிக்க முடியாது என்பதால், அடுத்த நாள்களிலும் தேவை நீடிக்கலாம்.

நல்ல வியப்புக்குப் பின் விலை பல வாரங்கள் அதே திசையில் நகரும் போக்கு ஆய்வுலகில் நன்கு அறியப்பட்டது. 1968இல் பால், பிரவுன் ஆகிய இருவரின் ஆய்வு இதைச் சுட்டியது; 1989இல் பெர்னார்ட், தாமஸ் ஆகியோர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். ஆனால் அது பல நூறு பங்குகளின் சராசரியில் தெரியும் போக்கு. உங்கள் கையில் உள்ள ஒரு பங்குக்கு எந்த உறுதியும் தராது.

சந்தையின் பங்கைக் கழித்துப் பார்ப்பதையும் மறக்காதீர்கள். குறியீடு 2 சதவீதம் ஏறிய நாளில் பங்கு 3 சதவீதம் ஏறியது என்றால், முடிவுக்குக் கிடைத்த பாராட்டு 1 சதவீதம்தான்.

நல்ல முடிவு, விலை வீழ்ச்சி என்று வந்தால் "சந்தை தவறு செய்கிறது, மலிவாகக் கிடைக்கிறது" என்று வாங்குவது புதியவர்களின் வழக்கம். நான் அங்கே வாங்குவதில்லை. அறிக்கையில் நான் பார்க்காத ஒன்றை வேறொருவர் பார்த்திருக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். மோசமான முடிவு வந்தும் விலை இறங்க மறுக்கும் பங்கு இதைவிடக் கவனிக்கத் தக்கது: விற்க நினைத்தவர்கள் முன்பே விற்று முடித்திருக்கக்கூடும். அதை வாட்ச்லிஸ்டில் வைத்து, முடிவு நாளின் உயர்வைத் தாண்டும் வரை காத்திருங்கள்.

8. முடிவுகளுக்கு வெளியே வரும் செய்திகள்

ஒவ்வொரு செய்தியிடமும் நான்கு கேள்விகள்: இது புதியதா? நிறுவனமே சொன்னதா? நிறுவனத்தின் அளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரியது? பணம் எப்போது வரும்?

600 கோடி ஆர்டர் என்ற செய்தியை எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தின் ஆண்டு விற்பனை 2,000 கோடி, ஆர்டரை முடிக்க மூன்று ஆண்டுகள் என்றால், ஆண்டுக்கு 200 கோடி, அதாவது விற்பனையில் 10 சதவீதம். மார்ஜின் தெரியாமல் இதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. இந்தக் கணக்கைப் போடாமல் '600 கோடி' என்ற சொல்லுக்காக வாங்குகிறவர்கள்தான் அன்று உச்ச விலையில் மாட்டுகிறார்கள்.

நிறுவனம் ஒன்றை இன்னொன்று வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தால், வாங்கப்படும் பங்கின் விலை உடனே ஒப்பந்த விலைக்கு அருகில் போய் நின்றுவிடும். மிச்சமிருக்கும் சிறு இடைவெளி, ஒப்பந்தம் முறியலாம் என்ற ஆபத்துக்கும் காத்திருக்கும் காலத்துக்குமான கூலி. ஏறுவதற்கு இடமில்லை, விழுவதற்கு நிறைய இடமுண்டு. விலகி நில்லுங்கள்.

போனஸ் பங்கும் பங்குப் பிரிப்பும் நிறுவனத்தின் மதிப்பை மாற்றுவதில்லை. துண்டுகளின் எண்ணிக்கையைத்தான் மாற்றுகின்றன. புதிய பங்குகளை வெளியிட்டுப் பணம் திரட்டும் செய்தி வந்தால், ஒரு பங்குக்கான லாபம் எவ்வளவு நீர்த்துப்போகும் என்று கணக்கிடுங்கள். தணிக்கையாளரோ நிதித் தலைவரோ இடைக்காலத்தில் திடீரென விலகினால், காரணம் தெளிவாகும் வரை அந்தப் பங்கு என் பட்டியலில் இருக்காது. வதந்திக்கு இங்கே இடமே கொடுக்க வேண்டாம். நிறுவனம் மறுத்த நிமிடத்தில் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே வாசலில் வெளியேற முயல்வார்கள்.

9. நுழைவு, ஸ்டாப் லாஸ், எண்ணிக்கை

இந்த மூன்றையும் இதே வரிசையில் தீர்மானிக்காமல், எத்தனை பங்கு என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு அதற்கேற்ப ஸ்டாப் லாஸை நகர்த்துவது மிகப் பரவலான பிழை.

ஸ்டாப் லாஸை முடிவு நாளின் தாழ்வுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். அந்த விலை உடைந்தால், முடிவை நம்பி அன்று வாங்கிய எல்லோரும் நஷ்டத்தில் இருக்கிறார்கள் என்று பொருள். நீங்கள் வாங்கிய காரணமும் அத்துடன் முடிந்துவிடுகிறது. மூலதனம் 2,00,000, ஒரு வர்த்தகத்தில் இழக்கத் தயாரான அளவு 0.5 சதவீதம் என்றால் 1,000. நுழைவு 250, ஸ்டாப் லாஸ் 238, வித்தியாசம் 12. எனவே 1,000ஐ 12ஆல் வகுத்து 83 பங்குகள். முடிவு நாளின் தாழ்வு இன்னும் தூரத்தில் இருந்தால், பங்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஸ்டாப் லாஸைப் பக்கத்தில் இழுக்காதீர்கள், சாதாரண அன்றாட அசைவே அதைத் தட்டிவிடும்.

நுழைவுக்கு லிமிட் ஆர்டர் (இந்த விலைக்கு மேல் வாங்காதே என்று சொல்லும் ஆர்டர்) மட்டும். முடிவு நாளின் காலையில் மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கும் விலையில் வாங்கும் ஆர்டர்) போட்டால், திரையில் பார்த்த விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வேறுபாடு உங்கள் கணக்கையே மாற்றிவிடும். ஒரே துறையில் ஒரே சமயத்தில் இரண்டு பங்குக்கு மேல் வேண்டாம். நான்கு வங்கிப் பங்குகள் நான்கு தனி வர்த்தகங்களாகத் தோன்றினாலும், ஒரு வட்டி விகித அறிவிப்பில் நான்கும் சேர்ந்தே விழும்.

10. வெளியேறுதல்

வாங்கும் முன்பே மூன்று வெளியேற்றங்களை எழுதுங்கள்: ஸ்டாப் லாஸ் விலை, காலக்கெடு, காரணம் மாறுதல். ஐந்து வர்த்தக நாள்களில் பங்கு எதிர்பார்த்த திசையில் நகரவில்லை என்றால், நஷ்டம் இல்லாவிட்டாலும் வெளியேறுங்கள். முடிவுக்குப் பிந்தைய வேகம்தான் நீங்கள் வாங்கிய பொருள், அது அங்கே இல்லை. ஏற்றுக்கொண்ட ஆபத்தைப் போல் இரண்டு மடங்கு லாபம் வந்ததும் பாதியை விற்று, மீதிக்கு ஸ்டாப் லாஸை நுழைவு விலைக்கு உயர்த்துவது எனக்கு ஒத்துவந்த முறை.

விலை இறங்கும்போது மேலும் வாங்கிச் சராசரி செய்வதை இந்த வகை வர்த்தகத்தில் முற்றிலும் தவிர்க்க வேண்டும். அப்படிச் செய்தவர்கள் இரண்டு வார வர்த்தகத்தை விருப்பமில்லாத நீண்டகால முதலீடாக மாற்றிக்கொண்டு, அடுத்த காலாண்டு முடிவின் ஆபத்தையும் சேர்த்தே சுமக்கிறார்கள்.

11. பதிவேடு

ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் நான்காம் படியில் எழுதிய வாக்கியம், வந்த முடிவு, முதல் நாள் வர்த்தகம் மூடிய விலை, ஐந்தாம் நாள் விலை, நீங்கள் வெளியேறிய விலை ஆகியவற்றை ஒரே வரியில் குறியுங்கள். பரிசீலித்து வாங்காமல் விட்ட பங்குகளையும் இதே அட்டவணையில் சேர்க்க வேண்டும். சல்லடை மிகவும் இறுக்கமாக இருக்கிறதா, தளர்வாக இருக்கிறதா என்பது அந்த வரிகளில்தான் தெரியும். முதல் காலாண்டில் பணம் போடாமல் இருபது நிறுவனங்களுக்கு இந்த அட்டவணையை மட்டும் நிரப்பிப் பாருங்கள். இரண்டாம் காலாண்டில், மேலே சொன்ன 0.5 சதவீதத்தில் பாதி அளவோடு தொடங்கலாம்.